எட்டு ஓட்டுநராகப் பதிவாகிவிட்ட ஒருவனை வீட்டுக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்
கனரக வாகன ஓட்டுநர் (திட்டப் பதிவு எண் 4417),
மூன்றாம் மாடி, பழைய அச்சகக் கட்டடம்,
தண்ணீர்த் தொட்டித் தெரு.
(ஆறு நாளாக: குளிர்பெட்டி லாரியின் முன்னிருக்கை, மூன்றாம் கைமாற்று நிலையம்)

பெறுநர்
போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
சரக்குப் போக்குவரத்துப் பிரிவு.

பொருள்: 'வீடு திரும்பும் ஓட்டுநர்' திட்டம் – மூன்றாம் பகுதியில் என் பணி முடிந்தும் பயணம் முடித்துவைக்கப்படாதது – வண்டியின் சாவியைப் பெற்றுக்கொண்டு என்னை இன்று மாலை நான்கரை மணிக்குள் விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. திட்டத்தின் செயலியை நடத்தும் நிறுவனத்தின் உதவி எண்ணில் நான் அளித்த பதினான்கு புகார்கள்.
2. திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் சன்னலில் வாய்மொழியாகச் சொன்னது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு நிறைய வேலை இருக்கும். நானும் சுருக்கமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சுருக்கமாகச் சொன்ன இடத்திலெல்லாம் "அது எப்படிங்க, சாவியைப் போட்டுட்டுப் போகவேண்டியதுதானே?" என்று ஒரே கேள்வியைக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆகவே இம்முறை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நான் பத்தொன்பது வருடம் நெடுந்தூர லாரி ஓட்டியவன். ஒரு முறை கிளம்பினால் பன்னிரண்டு நாள், பதினைந்து நாள். என் மனைவிக்கு முதல் கரு கலைந்தபோது நான் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தேன். இரண்டாவது கலைந்தபோது தொள்ளாயிரம். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒரு அரசு அலுவலரிடம் எழுத்தில் சொல்கிறேன் என்றால் என் நிலைமையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

2. நெடுந்தூரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தாங்கள் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். முழுப் பாதையையும் பதினோரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அந்தந்த ஊர் ஓட்டுநரே செயலி மூலம் அன்றன்றைக்கு வேலை எடுத்துக்கொள்வது. ஒரு நிலையத்தில் வண்டியை எடுத்து அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு, எதிர்த்திசையில் வரும் வண்டியை ஓட்டிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புவது. தொடக்க விழாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கை வலிக்கத் தட்டினேன். "இனி உங்க பிள்ளைங்க உங்களை யாருன்னு கேக்காது" என்று தாங்கள் பேசினீர்கள். பிள்ளை இல்லாத நான் அதற்கும் கண் கலங்கினேன். அது நல்ல திட்டம், ஐயா. அதை நிறுத்தச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை.

3. ஒன்பது மாதம் அந்தத் திட்டத்தால் வாழ்ந்தேன். காலையில் போய் மாலையில் வந்தேன். என் மனைவி மறுபடி உண்டாகியிருக்கிறாள். இப்போது ஏழாம் மாதம். கருப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள். படுக்கையை விட்டு எழக்கூடாது, படி ஏறக்கூடாது, ஒரு செம்பு தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று மருத்துவர் அம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் குழாய் கீழே, வீடு மூன்றாம் மாடியில். வேலைக்குப் போகும் முன் எட்டு வாளி, வந்த பின் ஆறு வாளி என்று நான்தான் ஏற்றிவைப்பேன். நாற்பத்திரண்டு படி. அவள் படுத்தபடியே என் காலடிச் சத்தத்தை எண்ணி, "இன்னைக்கு ரெண்டு வாளி ஏமாத்திட்டீங்க" என்பாள். பத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைக்காத குடும்ப வாழ்க்கை அந்தப் படிகளில்தான் கிடைத்தது.

4. சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஒதுக்கப்பட்டது குளிர்பெட்டி லாரி. குளிரிலேயே இருக்க வேண்டிய ஊசி மருந்துப் பெட்டிகள் சரக்கு. காலை பத்து நாற்பதுக்கு மூன்றாம் நிலையத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். திட்டத்தின் விதிப்படி, வந்த பதினைந்து நிமிடத்துக்குள் செயலி அனுப்பும் எண்ணை அழுத்திச் சாவிப் பெட்டியைத் திறந்து, சாவியை அதற்குள் போட வேண்டும். அடுத்த ஓட்டுநர் இருபது நிமிடம் கழித்து வந்து எடுத்துக்கொள்வார். இருவரும் சந்தித்துப் பேசிக்கொண்டு நின்றால் நேரம் வீணாகும் என்று இந்த இடைவெளியை வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

5. நான் சாவியைப் போடவில்லை. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஏன் போடவில்லை என்பதை மட்டும் கேட்க வேண்டும்.

எங்கள் தொழிலில் சாவியை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. கையில்தான் கொடுப்போம். கொடுக்கும்போது வண்டியின் குணத்தைச் சொல்வோம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் மாதிரி என்று எங்களை நாங்களே கிண்டல் செய்துகொள்வதும் உண்டு. அந்த லாரியில் இடது பின்பக்க பிரேக் ஒரு நொடி தாமதமாகத்தான் பிடிக்கிறது. மேடு ஏறும்போது குளிர் இயந்திரம் தானாக நின்றுவிடுகிறது. இறங்கி ஒரு நிமிடம் அணைத்துவைத்துத் திரும்பப் போட வேண்டும். நான்காம் பகுதி முழுக்க மலைப்பாதை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. செயலியில் 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு பொத்தான்தான் உண்டு. 'சரியில்லை' என்று அழுத்தினால் வண்டி பட்டறைக்குப் போய்விடும், மருந்து வெயிலில் கிடக்கும். அவ்வளவு மோசமான வண்டியும் இல்லை. பக்கத்தில் நின்று நாலு வார்த்தை சொன்னால் போதும். முன்பெல்லாம் துண்டுச்சீட்டு எழுதி வெயில் மறைப்பானில் செருகிவைப்பேன். அதற்கும் நிறுவனம் தடை போட்டுவிட்டது. பெட்டிக்குக் காது இல்லை, ஐயா. ஆகவே அடுத்த ஓட்டுநர் வரட்டும் என்று சாவியோடு நின்றேன்.

6. இருபத்திரண்டாம் நிமிடம் அவர் வந்தார். விடியற்காலையில் பால் வண்டியும் பகலில் இந்தத் திட்டத்து லாரியும் ஓட்டுபவர். கனரக வாகனத்துக்கு வந்து இரண்டே மாதம் ஆகிறது. அவர் எனக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நிற்கும்போதே இருவர் தொலைபேசியும் ஒன்றாகச் சத்தமிட்டன. அவருடையதில், 'தங்களுக்கு ஒதுக்கப்பட்ட பயணம் வேறொருவருக்கு மாற்றப்பட்டது.' என்னுடையதில், 'மீதமுள்ள எட்டுப் பகுதிகளையும் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி.'

விதி இதுதானாம்: சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே ஓட்டுநர். பதினைந்து நிமிடமும், மேற்கொண்டு ஏழு நிமிடச் சலுகையும் முடிந்தும் சாவி பெட்டிக்கு வரவில்லை என்றால், முழுத் தூரத்தையும் தாமே ஓட்ட அவர் விரும்புகிறார் என்று பொருள். சாவிப் பெட்டியைத் திறக்கும் எண் இனிமேல் பதினோராம் பகுதி முடிகிற ஊரில்தான் எனக்கு வரும். அது இங்கிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.

7. "இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை நீட்டினேன். பால் வண்டிக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அண்ணே, ஆப்புல வராம நான் சாவியத் தொட்டா திருட்டுக் கேசுண்ணே. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் கெட்டவரும் இல்லை. அன்றிலிருந்து தினமும் பால் ஊற்றி முடித்ததும் வந்து, வண்டிக்கு முப்பதடி தள்ளி நின்று, "இன்னைக்காவது வந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஓட்ட ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, கொடுக்க நான் இருக்கிறேன். இதற்கு ஓட்டுநர் பற்றாக்குறை என்று பெயர் வைத்தால் எப்படி, ஐயா?

8. உதவி எண்ணில் பேசும் பெண் மிக மரியாதையானவர். பதினான்கு முறையும், "புரியுது சார், ஆனா உங்க பயணம் இன்னும் முடியலையே சார்" என்றார். பதினோராவது முறை நான் அழுதுவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சார், இது அரசுத் திட்டம். போக்குவரத்து அலுவலர் எழுதிக் கொடுத்தா மட்டும்தான் எங்களால நடுவுல முடிக்க முடியும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை இங்கே மீறிவிட்டேன். தயவுசெய்து அவர்மேல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

9. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று தோன்றும். ஓட்டுநர் இறங்கிப்போனால் சரக்கைக் கைவிட்ட குற்றம், உரிமம் போய்விடும். அது ஒருபுறம் கிடக்கட்டும். குளிர் இயந்திரம் ஆறு மணி நேரம் நின்றால் அத்தனை ஊசி மருந்தும் வீண். டீசல் ஊற்றுவதும், நின்றுபோனால் திரும்பப் போடுவதும் நான் ஒருவன்தான். யாரோ ஒரு பிள்ளைக்குப் போடப்போகிற மருந்து அது. பத்தொன்பது வருடத்தில் ஒரு மூட்டையைக்கூட நான் வழியில் போட்டுவிட்டு வந்ததில்லை.

சரி, ஓட்டியே முடித்திருக்கலாமே என்றும் கேட்கலாம். மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தேன். போக நாலு நாள், வர இரண்டு நாள், முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். அதைத் தாண்ட என் கால் ஒத்துழைக்கவில்லை. தூரத்தில் இருந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்பதை மேலே முதல் பத்தியில் எழுதியிருக்கிறேன். வண்டியைத் திருப்பி அதே நிலையத்தில், அதே இடத்தில் நிறுத்தினேன். வாசல் காவலாளி, "வாங்க குடித்தனக்காரரே, மனசு மாறிட்டீங்களா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொண்டுவந்து வைத்தார்.

10. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் கீழ்வீட்டுத் தையல்காரர் அக்காதான் தண்ணீர் ஏற்றினார். அவருக்கு முட்டி தேய்ந்து போனது. ஒரு வாளிக்கு நான்கு இடத்தில் உட்காருவார். திங்கட்கிழமை அன்றுதான் நான் வண்டியை ஒரு மணி நேரம் காவலாளி பார்வையில் விட்டுவிட்டுத் தங்கள் அலுவலகத்து இரண்டாம் சன்னலுக்கு வந்தேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிக்கு எட்டு டிரைவர் காட்டுதே, அப்புறம் என்ன குறை?" என்றார். எட்டுப் பயண எண், எட்டு ஓட்டுநர், எட்டு இடத்திலும் என் புகைப்படம். ஒன்றில்கூட நான் சிரிக்கவில்லை. தங்கள் அலுவலக வாசலில் 'இன்று பாதையில் உள்ள உள்ளூர் ஓட்டுநர்கள்' என்று மின்பலகையில் ஓடுகிற எண்ணிக்கையில் எட்டு நான்தான், ஐயா. அந்த எட்டுப் பேரும் ஒரே இருக்கையில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்திருக்கிறார்கள்.

11. செவ்வாய்க்கிழமை காலை அக்காவால் எழவே முடியவில்லை. அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு என் மனைவி அரை வாளி தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். இரண்டாம் மாடி வளைவு வரை வந்திருக்கிறாள். அக்கா எனக்குப் பேசினார்: "தம்பி, படியெல்லாம் தண்ணின்னு நெனச்சேன். அப்புறம்தான் பாத்தேன், சிவப்பா இருக்கு. நீ எங்கப்பா இருக்க?"

நான் எங்கே இருந்தேன்? நூற்று எழுபது கிலோமீட்டரில், சும்மா நிற்கிற ஒரு வண்டியில், கையில் சாவியோடு இருந்தேன். இந்த முறை தூரம்கூட இல்லை, ஐயா. பேருந்தில் நான்கு மணி நேரம். அதை நினைக்கும்போதுதான் தலையை ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு தடவை முட்டியும் கொண்டேன். ஹாரன் அடித்து நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

12. இப்போது அவள் அரசு மருத்துவமனை மகப்பேறு வார்டில் இருக்கிறாள். பிள்ளையின் இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம், அதற்கு முன் வீட்டு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இரத்தமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறார்கள். அவளுக்குப் பெற்றோர் இல்லை. வீட்டு ஆள் என்றால் நான் ஒருவன்தான். இன்று காலை அவளே பேசினாள். "வண்டிய அம்போன்னு விட்டுட்டு வந்துடாதீங்க, அப்புறம் யாரும் வேலை தரமாட்டாங்க" என்றாள். பிறகு, "ஆனா வாங்க" என்றாள்.

13. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி தாங்கள்தான். ஓட்டி முடித்த பகுதிக்குள் திரும்பினாலோ, பாதையை விட்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் விலகினாலோ வண்டி தானாக நின்றுவிடும். தங்கள் அலுவலகம் நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். ஆகவே வண்டியைத் தங்கள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டேன். தங்கள் சன்னலுக்கு வெளியே காலையிலிருந்து கேட்கிற இரைச்சல் குளிர் இயந்திரத்தினுடையது. தொந்தரவுக்கு மன்னிக்கவும். அணைக்க முடியாது.

14. என் வேண்டுகோள்கள்:

(அ) பயண எண்கள் எட்டையும் நடுவில் முடித்துவைக்கத் தாங்கள் ஒரு வரி எழுதித்தர வேண்டும். பால் வண்டிக்காரர் வாசலில் தயாராக நிற்கிறார். அவருக்கு வண்டியின் குணத்தையெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு தடவை திருப்பியும் சொல்லிக் காட்டிவிட்டார். அவர் செயலியில் வந்தால் அடுத்த நிமிடம் மருந்து கிளம்பிவிடும்.

(ஆ) ஓட்டுநர்கள் ஐந்து நிமிடம் நேரில் பார்த்துச் சாவியைக் கையில் கொடுத்துக்கொள்ளத் திட்டத்தில் இடம் தர வேண்டும். நெடுந்தூரத்தை விட்டுப்போன பழைய ஆட்கள் எத்தனையோ பேர் உள்ளூர் வேலை என்றால் வரத் தயாராக இருக்கிறார்கள். பேச ஆள் இல்லாமல் பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டுப் போவது அவர்களுக்கு வண்டியைக் குப்பையில் போட்டது மாதிரி இருக்கிறது. இதை நிதானமாகச் செய்யலாம்.

(இ) மின்பலகையில் ஏழு பேரைக் குறைத்துவிட வேண்டும். இதற்கும் அவசரம் இல்லை.

முதல் வேண்டுகோளுக்கு மட்டும் இன்று மாலை நான்கரை மணிதான் கெடு. எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து அப்போதுதான். தங்கள் உதவியாளர், ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்கிறார். எந்தக் கூட்டம் என்று கேட்டேன். ஓட்டுநர் பற்றாக்குறை பற்றிய ஆய்வுக் கூட்டமாம். அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி, வெளியே எட்டு ஓட்டுநர் காத்திருக்கிறான் என்று சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் ஒரு கையெழுத்தில் என் குடும்பம் இருக்கிறது என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொண்டு, தங்கள் அறைக்கு வெளியே உள்ள நாற்காலியிலேயே காத்திருக்கிறேன்.

நாள்: புதன்கிழமை, வண்டி நின்ற ஆறாம் நாள்
நேரம்: பிற்பகல் 2.10
இடம்: தங்கள் அலுவலக நடைக்கூடம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கனரக வாகன ஓட்டுநர், 4417

இணைப்பு: 1. ஓட்டுநர் உரிம நகல்
2. மருத்துவமனை அனுமதிச் சீட்டின் புகைப்பட அச்சு

பின்சேர்க்கை (நேரம் 4.05)

ஐயா, கூட்டம் இன்னும் முடியவில்லை. இப்போது அக்கா பேசினார். துடிப்பு குறைகிறதாம், நாளை வரை பொறுக்க முடியாது, இன்று மாலையே எடுக்கப்போகிறார்களாம். கையெழுத்து இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்கிறோம் என்று மருத்துவர் அம்மா சொல்லிவிட்டார். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்று தெரியாது. எப்படி முடிந்தாலும் அவள் கண் விழிக்கும்போது நான் அந்தக் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சாவியை வாங்கிக்கொள்ளச் சொல்லித் தங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாக நீட்டிப் பார்த்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை. ஆகவே இந்த மனுவோடு சேர்த்துக் கட்டித் தங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். குளிர் இயந்திரத்துக்கு நாளை காலை பத்து மணி வரை டீசல் இருக்கிறது. நின்றுவிட்டால் பச்சைப் பொத்தானை அணைத்து, அறுபது எண்ணிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அறுபதுக்கு முன்னால் போட்டால் பிடிக்காது. பால் வண்டிக்காரர் தாமாகவே இரவு முழுக்க வண்டி பக்கத்தில் நிற்பதாகச் சொல்கிறார். சாவியைத் தொடமாட்டார், அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

சரக்கைக் கைவிட்டதற்கு என்மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. மகப்பேறு வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்றால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைப் பிடிக்க வருகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், ஐயா: அவள் என்னைப் பார்க்கும் வரை கூப்பிட வேண்டாம்.